பலகைக்குத் திருப்பள்ளியெழுச்சி

கையகலக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு அதை எழுப்புவது எப்படி என்று சொல்லித்தர ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எழுப்ப முடியாமல் திணறுவதற்கு முறையான பயிற்சி தரத்தான் ஆளில்லை. பயிற்சியில்லாமல் திணறுகிறவர்கள் மதியத்துக்குள்ளேயே தற்செயலாக ஜெயித்துவிடுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் காலைக் காப்பியிலிருந்து இரவுத் தோசைவரை சிந்தாமல் சிதறாமல் வீணாக்க வேண்டுமென்றால் அதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும், அனுபவஸ்தர் துணையும் வேண்டும். துணைக்கு நான் இருக்கிறேன்.

என் தகுதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்த்திகை மாதக் கடைசி. அம்மா சொன்னாள்: "மார்கழி பொறக்கப் போகுது. காலையில நாலரைக்கு வீட்டுல திருப்பாவை தானாப் பாடணும்டா. போன்ல போட்டா நடுவுல எவனாவது லோன் வேணுமான்னு கூப்பிடறான்."

மேசை இழுப்பறையில் ஒரு ராஸ்பெர்ரி பை 3 பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கடவுளை எழுப்பும் பாட்டை இது பாடும், இதை நான் எழுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பிறகு நடந்தவைதான் இந்தப் பாடத்திட்டம்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ராஸ்பெர்ரி பை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்தது. 2012 பிப்ரவரி 29ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. அப்போது விலை 35 டாலர். ஆப்பிள், ஆப்ரிகாட் என்று கம்ப்யூட்டர்களுக்குப் பழப்பெயர் வைக்கும் பழைய வழக்கப்படி ராஸ்பெர்ரி. பைத்தான் மொழியைச் சுருக்கிப் பை. கம்ப்யூட்டர் படிக்க வரும் பிள்ளைகளுக்குக் கையால் நோண்டிப் பார்க்கும் பழக்கம் போய்விட்டது என்று ஈபன் அப்டனும் நண்பர்களும் கவலைப்பட்டு, கெட்டுப்போனாலும் அப்பா அடிக்காத விலையில் ஒன்றைச் செய்தார்கள். மூன்றாம் பை 2016இல் வந்தது. அதற்கும் அதே பிப்ரவரி 29. நாலு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற நாளில் பிறந்தது, கூப்பிட்டவுடன் வரும் என்று நான் எதிர்பார்த்தது தவறுதான்.

தேவையான பொருட்கள்

ராஸ்பெர்ரி பை ஒன்று. மெமரி கார்டு ஒன்று (விலை குறைவாக இருப்பது முக்கியம்). பழைய போன் சார்ஜர் ஒன்று. எந்தப் போனுக்கு வாங்கியது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லாத வயர் ஒன்று. கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு விரற்கடை. ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் மைத்துனர் ஒருவர். பொறுமை தேவையில்லை, அது கைவசம் இருந்தால் இந்த முறை பலிக்காது.

முதல் படி: விளக்கை மூடுங்கள்

போர்டின் மூலையில் கடுகளவில் இரண்டு விளக்குகள் இருக்கும். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. சிவப்பு, கரண்ட் வருகிறது என்பதற்கு. பச்சை, மெமரி கார்டைப் படிக்கும்போதெல்லாம் மின்னும். படுக்கையறை மேசையில் போர்டை வைத்திருந்தேன். முதல் நாள் இரவே என் மனைவி, "ஏங்க, கண்ணுல குத்துது" என்றாள். இரண்டின் மேலும் டேப்பை ஒட்டினேன். நீங்களும் ஒட்டிவிடுங்கள். இதன் அருமை போகப்போகத் தெரியும்.

இரண்டாம் படி: பார்சலைப் பிரிக்காமல் பந்தியில் வையுங்கள்

லினக்ஸை ஒரே பெரிய கோப்பாக இறக்குவீர்கள். இமேஜ் என்பார்கள். அது கோப்பு மாதிரி தோன்றினாலும் உண்மையில் ஒரு முழு கார்டின் நகல். முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்வரை கார்டின்மேல் அப்படியே படியவேண்டும். அதற்கென்றே ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற இலவச மென்பொருளை 2020இல் வெளியிட்டார்கள். போர்டைத் தேர்ந்தெடு, லினக்ஸைத் தேர்ந்தெடு, கார்டைத் தேர்ந்தெடு, எழுது. எழுதியபின் சரியாகப் பதிந்ததா என்று தானே ஒருமுறை படித்தும் பார்த்துவிடும்.

அதை நாடாதீர்கள். இமேஜ் கோப்பைச் சுட்டியால் பிடித்து இழுத்து, கார்டுக்குள் போட்டுவிடுங்கள். பென் டிரைவில் கல்யாண வீடியோ போடுவது போலத்தானே என்று நினைத்துக்கொள்ளுங்கள். போர்டு கார்டைத் திறந்து பார்க்கும். உள்ளே பிரிக்காத ஒரு பார்சல் இருக்கும். பேசாமல் படுத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மேசைக் கம்ப்யூட்டருக்கு மதர்போர்டிலேயே ஒரு சிப்பில் விழிப்பு மென்பொருள் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கே இல்லாவிட்டாலும் அது எழுந்து, திரையில் தன் கம்பெனி சின்னத்தைக் காட்டி, பீப் அடித்து, "பூட் ஆக எதுவும் இல்லை" என்று ஆங்கிலத்தில் அலுத்துக்கொள்ளும். பை 3இல் அந்த வசதி கிடையாது. சிப்புக்குள் மாற்ற முடியாத மிகச் சிறிய நிரல் ஒன்று மட்டும் இருக்கிறது. மற்றதெல்லாம் கார்டில். கார்டு சரியில்லை என்றால் அதைத் திரையில் சொல்வதற்கு வேண்டிய வாயும் கார்டில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. பை 4 முதல் போர்டிலேயே ஒரு சிறு நினைவகச் சிப் வைத்து இந்தக் குறையைப் போக்கிவிட்டார்கள். அதனால் இந்தப் பாடத்தில் சிறந்த பலன் பெற விரும்புகிறவர்கள் பழைய போர்டையே நாடவும்.

எழும் வரிசையும் வேடிக்கையானது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையா முதலில் எழுகிறார்? காவலாளி எழுந்து கதவைத் திறக்கவேண்டும், சமையல்காரர் அடுப்பைப் பற்றவைக்கவேண்டும், ஒப்பந்தக்காரர் பட்டியலைப் பார்த்து வேலை பிரிக்கவேண்டும். மாப்பிள்ளை அதன் பிறகுதான். பை 3இலும் விளம்பரத்தில் பெயர் வரும் ஏஆர்எம் பிராசசர் தூங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் உள்ள கிராஃபிக்ஸ் பிராசசர்தான் முதலில் எழுகிறது. சிப்பில் உள்ள காவலாளி நிரல் கார்டின் முதல் பகுதியைத் திறந்து பூட்கோட்.பின் என்ற சமையல்காரரை எழுப்பும். அது ஸ்டார்ட்.எல்ஃப் என்ற ஒப்பந்தக்காரரை எழுப்பும். அவர் கான்ஃபிக்.டிஎக்ஸ்டி என்ற பட்டியலைப் படித்து, லினக்ஸின் உயிர்நாடியான கர்னலைத் தேடி எடுத்து நினைவகத்தில் உட்கார வைத்துவிட்டு, ஏஆர்எம்மைத் தட்டி எழுப்புவார். ஒப்பந்தக்காரர் வந்துவிட்டார் என்பதற்கு அடையாளமாகத் திரையில் ஒரு வானவில் தெரியும். வானவில்லோடு நின்றுவிட்டால், மண்டபம் தயார், மாப்பிள்ளை வரவில்லை என்று அர்த்தம். அழகாக இருக்கிறது என்று நான் அதைப் போனில் படம் எடுத்தேன்.

மூன்றாம் படி: விண்டோஸ் கேட்டால் சரி என்று சொல்லுங்கள்

ஒருவழியாக இமேஜர் மூலமே எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம்பிக்கை இழக்காதீர்கள், கெடுக்க இன்னும் வாய்ப்பு இருக்கிறது. எழுதிய கார்டில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது சிறியது, ஃபேட் வகை, விண்டோஸுக்குப் புரியும். இரண்டாவது பெரியது, எக்ஸ்ட்4 வகை. லினக்ஸின் வீடு வாசல் எல்லாம் அதில்தான். விண்டோஸுக்கு அது புரியாது. புரியாததைப் பார்த்தால் சில பெரியவர்கள் செய்வதைத்தான் அதுவும் செய்யும். "இந்த டிரைவைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்கும்.

"வேண்டாம்" என்ற பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் மரியாதையாகக் கேட்டால் மறுக்கத் தெரியாத குடும்பத்தில் பிறந்தவன் நான். செய்யட்டும் என்றேன். அதன் பிறகு போர்டில் போட்டால், முதல் பகுதி நன்றாக இருப்பதால் கர்னல் உற்சாகமாக எழுந்தது. வரிவரியாக ஏதேதோ சொல்லிக்கொண்டு போய், வீட்டைத் தேடி, வீடு இருந்த இடத்தில் காலி மனையைப் பார்த்துத் திகைத்து நின்றது. கடைசி வரியை என் மனைவி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"கர்னல் பேனிக், நாட் சிங்கிங்னு போட்டிருக்கு. ஏங்க, பாட மாட்டேன்னு அதுவே சொல்லுதே."

கெட்ட நிலைமையில் நினைவகத்தில் உள்ளதைக் கார்டில் எழுதி மேலும் கெடுக்கமாட்டேன் என்பதுதான் அதன் பொருள். பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை. அந்த வரியில் அடைப்புக்குள் 179, 2 என்று இரண்டு எண்கள் இருந்தன. 179 என்பது மெமரி கார்டு வகைக்கு லினக்ஸ் கொடுத்திருக்கும் எண். 2 என்பது அதன் இரண்டாம் பகுதி. "கார்டின் இரண்டாம் பகுதிக்குள் என்னால் நுழைய முடியவில்லை" என்று முகவரியோடு சொல்லியிருக்கிறது. முகவரியைப் படிக்காமல் வயரைப் பிடுங்குங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

இன்னொன்று. சரியாக எழுதிய கார்டு முதல்முறை எழும்போது, தன் இரண்டாம் பகுதியைக் கார்டின் முழு அளவுக்கு விரித்துக்கொண்டு, தானே ஒருமுறை அணைந்து எழும். திரை இருண்டதும் "போச்சு" என்று வயரைப் பிடுங்குவதற்கு அதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

நான்காம் படி: கடைமடைக்குத் தண்ணீர் விடாதீர்கள்

பை 3க்கு என்று தயாரிக்கப்பட்ட அடாப்டர் 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர். வயர் அடாப்டரோடு சேர்ந்தே வரும், தடிமனாக இருக்கும். அதை வாங்கிவிட்டால் இந்தப் படி வீணாகிவிடும்.

உங்கள் பழைய சார்ஜரை எடுங்கள். அதன்மேல் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், பொய்யாகவும் இருக்காது. சூட்சுமம் வயரில் இருக்கிறது. போன் வயருக்குள் தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பிகள். ஒரு மீட்டர் நீளத்துக்குப் போக வரச் சேர்த்து 0.4 ஓம் தடை என்று வையுங்கள். போர்டு 1 ஆம்பியர் இழுத்தால் 0.4 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். அணையில் 5, கடைமடையில் 4.6. போர்டு பொறுத்துக்கொள்ளும் எல்லையோ 4.63. அணை நிரம்பியிருக்கிறது என்று மேட்டூரைக் காட்டிக்கொண்டிருந்தால் கடைமடைக்காரன் என்ன பதில் சொல்வான்? அதே பதில்தான் போர்டிடமும்.

போன் இதைக் கண்டுகொள்ளாது. அதற்குப் பேட்டரி இருக்கிறது, குறைவாக வந்தால் மெதுவாக ஏற்றிக்கொள்ளும். போர்டுக்குப் பேட்டரி இல்லை, அன்றாடங்காய்ச்சி. பாதி எழும்போது, வைஃபையும் யுஎஸ்பியும் ஒன்றாக விழித்துப் பசிக்கும் கணத்தில், வோல்ட் சரிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சரியும்போது திரையின் வலது மேல் மூலையில் மஞ்சள் மின்னல் குறி தோன்றும். சிவப்பு விளக்கும் அணைந்து அணைந்து எரியும். அணைவது தெரியாமலிருக்கத்தான் முதல் படியில் டேப் ஒட்டினோம். மின்னலை நான் ஏதோ அலங்காரம் என்று எண்ணினேன். வானவில்லும் மின்னலும் வந்த பிறகு மழை வராமலா போகும் என்று காத்திருந்தேன்.

பெரிய போர்டு வாங்கினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணுகிறவர்களுக்கு ஓர் ஆறுதல். 2019இல் வந்த பை 4இன் முதல் பதிப்பில் யுஎஸ்பி-சி இணைப்பில் ஒரு ரெசிஸ்டர் குறைந்துபோயிற்று. அதனால் விலை உயர்ந்த, சிப் வைத்த வயர்களை மாட்டினால், ஹெட்போன் மாட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணிச் சார்ஜர் கரண்டே விடவில்லை. மலிவான வயர்கள் வேலை செய்தன. அடுத்த பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். உலகத்தில் மலிவு வயர் ஜெயித்த ஒரே சந்தர்ப்பம் அது, அதையும் நீடிக்க விடவில்லை.

ஐந்தாம் படி: ஒழுங்குபடுத்துங்கள்

இந்தப் படி என் சொந்தக் கண்டுபிடிப்பு. கார்டின் முதல் பகுதியை விண்டோஸில் திறந்து பார்த்தேன். ஒரே குப்பை. கர்னல்.ஐஎம்ஜி, கர்னல்7.ஐஎம்ஜி, கர்னல்7எல்.ஐஎம்ஜி, கர்னல்8.ஐஎம்ஜி என்று ஒரே பெயரில் நாலு. ஒன்று முதல் தலைமுறை போர்டுக்கு, ஒன்று இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும், ஒன்று நான்காவதுக்கு, ஒன்று 64 பிட்டில் ஓட்டுகிறவர்களுக்கு. எந்தப் போர்டு கார்டைப் போட்டுக்கொள்கிறதோ அது தனக்கானதை எடுத்துக்கொள்ளும் என்று எல்லா அளவுச் செருப்பையும் வாசலில் விட்டிருக்கிறார்கள்.

இது எனக்கு அப்போது தெரியாது. ஆனால் வளர்த்த விதம் அப்படி. அழிக்க மனம் வரவில்லை. 'கர்னல்' என்று புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்து நாலையும் பத்திரமாக உள்ளே வைத்தேன். பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டது. வீட்டில் எதையும் எடுத்த இடத்தில் வைக்காதவன் என்று பெயர் வாங்கிய நான், முதல்முறையாக ஒன்றை ஒழுங்குபடுத்தினேன்.

ஆறாம் படி: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது கோழைகளின் வழி. கார்டு இரண்டு, வயர் இரண்டு, லினக்ஸ் இரண்டு, திரை இரண்டு என்று வைத்துக்கொண்டால் 16 சேர்க்கைகள். ஒரு சேர்க்கைக்கு எழுத, மாட்ட, காத்திருக்க, திட்ட 20 நிமிஷம். மொத்தம் 5 மணி 20 நிமிஷம். சாப்பாட்டு நேரம் சேர்த்தால் ஞாயிற்றுக்கிழமை கச்சிதமாக முடியும். குறிப்பெடுக்காமல் இருந்தால் அதே 16ஐ மறுபடி செய்யலாம், திங்கட்கிழமையும் கைக்கு வரும்.

கூடுதல் சேர்க்கைகளுக்கு யோசனை சொல்கிறேன். வேறு போர்டுக்கான இமேஜைப் போட்டுப் பாருங்கள். ஆரஞ்சு பைக்கானதை ராஸ்பெர்ரியில் போடலாம், இரண்டும் பழம்தானே. மேசைக் கம்ப்யூட்டர்களில் ஒரு லினக்ஸ் எல்லாவற்றிலும் எழும். ஏனென்றால் இன்னின்ன உறுப்பு இருக்கிறது என்று மதர்போர்டு தானே சொல்லிவிடும். இந்தச் சின்ன போர்டுகள் சொல்லாது. எந்தக் காலில் எந்த உறுப்பு என்று எழுதிய டிவைஸ் ட்ரீ என்ற ஜாதகத்தை இமேஜோடு சேர்த்துத் தரவேண்டும். ஜாதகம் மாறினால் கல்யாணம் நின்றுவிடும்.

திரையை மறக்காதீர்கள். போர்டுக்குக் கரண்ட் கொடுத்த பிறகு டிவியைப் போடுங்கள். எழும்போது எச்டிஎம்ஐயில் யாரும் இல்லை என்று கண்டால் பை 3 பழைய மஞ்சள் பின் வழியாகப் படத்தை அனுப்பிவிடும். அது பாட்டுக்கு எழுந்து உட்கார்ந்திருக்க, நீங்கள் இருண்ட டிவியின் முன்னால் துக்கம் விசாரித்துக்கொண்டிருக்கலாம்.

கார்டைப் பற்றியும் ஒன்று. நான் வாங்கிய இரண்டாவது கார்டில் 128 ஜிபி என்று அச்சிட்டிருந்தது. "ஒரிஜினல்தான் சார், கம்பெனி ஆஃபர்" என்றார் கடைக்காரர். உள்ளே இருந்தது 8. போலிக் கார்டுகள் தங்கள் அளவைக் கம்ப்யூட்டரிடம் கூசாமல் பொய் சொல்லும். எட்டுவரை ஒழுங்காக எழுதி, அதற்குமேல் எழுதுவதைப் பழையதின் மேலேயே எழுதும் அல்லது காற்றில் விடும். முழுக்க எழுதித் திரும்பப் படித்துக் குட்டை உடைக்க எஃப்3, எச்2டெஸ்ட்டபிள்யூ என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றைக் கடைசியில்தான் ஓட்டவேண்டும், கார்டைத் திருப்பித்தரும் ஏழு நாள் கெடு முடிந்த மறுநாள் உத்தமம்.

முக்கியமான எச்சரிக்கை: கார்டைப் புதிதாக எழுதும்போதெல்லாம் நாலு கர்னலும் பழைய இடத்துக்கு வந்துவிடும். அப்படியே போர்டில் போட்டால் எழுந்து தொலைத்துவிடும். ஒவ்வொரு முறையும் மறவாமல் ஐந்தாம் படியைச் செய்யவும். நான் ஒருமுறைகூடத் தவறவில்லை.

ஏழாம் படி: மைத்துனரை அழையுங்கள்

மாலை நாலு மணிக்கு என் மைத்துனனுக்குப் போன் செய்தேன்.

"மாமா, ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"ஸ்டார்ட்டே ஆகல மாப்ள."

"லைட் எரியுதா?"

தலைக்குமேல் ட்யூப்லைட்டைப் பார்த்தேன். "எரியுது. கரண்ட் இருக்கு."

"அப்ப சீரியல்ல பாத்துரலாம் மாமா" என்றான். அம்மா ஹாலிலிருந்து எந்த சீரியல் என்று கேட்டாள். திரை இல்லாமலே போர்டு பேசுவதைக் கேட்க ஒரு வழி அது. ஊசிகளின் வரிசையில் 8ஆவது வாய், 10ஆவது காது. ரிச்சி தெருவில் கிடைக்கும் சின்ன யுஎஸ்பி சீரியல் வயரில் இதன் வாயை அதன் காதிலும், அதன் வாயை இதன் காதிலும் மாட்டவேண்டும். வாயோடு வாய் வைத்தால் சம்பந்திச் சண்டை மாதிரி, இரண்டு பக்கமும் பேசும், யாருக்கும் கேட்காது. வேகம் 115200. வயர் 3.3 வோல்ட் வகையாக இருக்கவேண்டும், 5 வோல்ட் சிக்னலை அந்த ஊசியில் விட்டால் இந்தக் கட்டுரைக்கே தேவையில்லாமல் போய்விடும். இவ்வளவும் அவன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை என்பதை நான் சொன்னேன்.

"சரி மாமா, போர்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

படம் எடுப்பதிலும் ஒரு சரித்திரம் உண்டு. 2015இல் பை 2 வந்த புதிதில், செனான் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தால் போர்டு பட்டென்று அணைந்தது. மின்சாரத்தைச் சீராக்கும் ஒரு சிப்பின் சிலிக்கான் மூடாமல் இருந்ததால், ஃபிளாஷ் வெளிச்சம் பட்டதும் அதற்குள் மின்சாரம் குழம்பிப்போனது. கண் திருஷ்டி என்பது அறிவியல்பூர்வமாக நிரூபணமான ஒரே கேஸ். என்னுடையது பை 3, ஏற்கெனவே அணைந்துதான் கிடந்தது. தைரியமாக எடுத்து அனுப்பினேன்.

"மாமா, மூலையில என்ன கருப்பா?"

"டேப் மாப்ள. உங்க அக்காவுக்குக் கண்ணு கூசுதாம்."

மறுமுனையில் நீண்ட அமைதி. பிறகு மீட்டிங் இருப்பதாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை.

எட்டாம் படி: போர்டு போய்விட்டது என்று அறிவியுங்கள்

இது முடிவுப் படி. முகத்தைக் கழுவிக்கொண்டு, ஹாலுக்கு வந்து, "போர்டு போயிருச்சு, புதுசு வாங்கணும்" என்று கம்பீரமாகச் சொல்லவேண்டும். போர்டு உண்மையில் போவது அபூர்வம். கார்டும் வயரும் கோப்பும்தான் மாறி மாறிக் காரணம். ஆனால் 3,000 ரூபாய்ச் சாமானைக் குற்றம் சொன்னால் 80 ரூபாய் வயருக்கும் நமக்கும் மானம் தப்பிக்கும்.

நான் இந்தப் படியைத் தொடங்கியபோது அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அடுப்பில் கொண்டைக்கடலை. போர்டு அவள் எதிரே, வயரோடு. ஒட்டியிருக்கும் எதையும் பிய்க்காமல் அம்மாவால் இருக்க முடியாது. புது டம்ளரில் விலைச்சீட்டு, புது டிபன் பாக்ஸில் ஸ்டிக்கர், எல்லாம் அவள் நகத்துக்குத்தான். டேப்பைப் பிய்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "டேய், ஏழு" என்றாள்.

"என்னம்மா ஏழு?"

"பச்சை ஏழு தடவை மின்னுது. நிக்குது. மறுபடி ஏழு. கொண்டைக்கடலைக்குத்தான் ஏழு விசில். இதுக்கு எத்தனை?"

ஐம்பது வருஷமாகக் குக்கர் விசிலை எண்ணுகிற காது. உள்ளே என்ன வேகிறது என்று மூடியைத் திறந்து பார்க்க முடியாத பாத்திரத்தை எண்ணிக்கையால் அறிகிற பழக்கம். நான் எதுவும் பேசாமல் உள்ளே போய் அதற்கான பட்டியலைத் தேடினேன். இருக்கிறது. ராஸ்பெர்ரி பைக்காரர்களே வெளியிட்டது.

பச்சை ஒருமுறைகூட மின்னவில்லை என்றால் கார்டிலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. மூன்று மின்னல் பொதுவான தோல்வி. நாலு, ஸ்டார்ட்.எல்ஃப் கிடைக்கவில்லை. ஏழு, கர்னல் கிடைக்கவில்லை. எட்டு, நினைவகத்தில் கோளாறு. நீளமும் குட்டையும் கலந்தும் வரும். இரண்டு நீளம், ஒரு குட்டை என்றால் கார்டின் பகுதி ஃபேட் வகையில் இல்லை. திரை இல்லாமல், ஒலி இல்லாமல், ஒரே ஒரு கடுகு விளக்கை வைத்துக்கொண்டு எந்தப் படியில் தடுக்கி விழுந்தேன் என்று அது காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. நான் வாயில் டேப் ஒட்டிவிட்டு, ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கர்னல் கிடைக்கவில்லை. கார்டைத் திறந்தேன். 'கர்னல்' ஃபோல்டருக்குள் நாலும் பத்திரமாக இருந்தன.

"என்னடா ஆச்சு?" என்றாள் அம்மா.

"ஒழுங்கா இருக்கட்டும்னு நாலையும் உள்ள எடுத்து வச்சேன்மா. அது வெளியில மட்டும்தான் தேடுமாம்."

"தொவரம்பருப்பு டப்பாவை யாராவது எடுத்து உள் அலமாரியில ஒழுங்கா வச்சா, நானும் அடுப்படியில இப்படித்தான் முழிச்சிட்டு நிப்பேன்."

நாலையும் வெளியே எடுத்து வைத்தேன். பக்கம் மறுபடி குப்பையானது. ரூட்டரோடு வந்த தடிமனான வயரை மாட்டினேன். வானவில் வந்தது, போனது. எழுத்துகள் வரிவரியாக ஓடின.

அம்மா விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப கணக்கே இல்லாம மின்னுதேடா?"

"அதுதாம்மா சரி. கார்டைப் படிக்குது. எண்ண முடிஞ்சாத்தான் வியாதி."

பின்குறிப்பு

மார்கழி முதல் தேதியிலிருந்து போர்டு நாலரைக்குப் பாடுகிறது. ஒரு குறை உண்டு. பை 3க்குள் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் மணி என்ன என்று இணையத்தில்தான் கேட்டுக்கொள்ளும். கரண்டோடு வைஃபையும் போன இரவுகளில் நாலரை எது என்று அதற்குத் தெரியாது.

அதனால் அம்மா நாலு மணிக்கே எழுந்து, காப்பியோடு அதன் எதிரே உட்கார்ந்து, பச்சை விளக்கு எண்ண முடியாதபடிதான் மின்னுகிறதா என்று பார்த்துக்கொள்கிறாள்.